எட்டு லட்சம் கடனா, பாண்டு பேப்பரா? நர்சிங் சேரப்போகும் மகளின் தாய்க்கு ஒரு பதில்

கடலூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தாய் ஆறு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் ஊரையும் விட்டுவிட்டு விஷயத்தை மட்டும் சொல்கிறேன். கணவர் அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறார். இவர் நூறு நாள் வேலைக்குப் போகிறார், ஆறு ஆடு வளர்க்கிறார். ஆதிதிராவிடர் வகுப்பு. வருமானச் சான்றிதழில் ஆண்டுக்கு 96,000 ரூபாய். வீட்டோடு சேர்த்து 12 சென்ட் இடம் இருக்கிறது. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியிலேயே படித்த மகள் பிளஸ் டூவில் 471 மதிப்பெண் எடுத்திருக்கிறாள். நீட் எழுதினாள், டாக்டர் படிப்புக்கு அது போதவில்லை. "பரவாயில்லம்மா, நர்சிங் படிக்கிறேன்" என்று அவளே சொல்லிவிட்டாள்.

தெரிந்தவர் ஒருவர் சென்னைக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் மேனேஜ்மென்ட் சீட் இருப்பதாகச் சொல்லி, 'டோக்கன்' என்று 10,000 ரூபாய் வாங்கிப் போயிருக்கிறார். எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 2 லட்சம். இன்னொரு பக்கம், மருத்துவமனையோடு சேர்ந்த ஒரு கல்லூரி பாதிக் கட்டணம் போதும் என்கிறது. ஆனால் படிப்பு முடிந்ததும் அங்கேயே மூன்று வருடம் வேலை பார்ப்பதாக முத்திரைத்தாளில், அதாவது பாண்டு பேப்பரில், கையெழுத்துப் போட வேண்டும், அசல் சான்றிதழ்களைக் கொடுத்துவிட வேண்டும், நடுவில் விலகினால் 5 லட்சம் கட்ட வேண்டும். உள்ளூர் வங்கியில் 8 லட்சம் கடன் கேட்டபோது இடத்துப் பத்திரம் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். தம்பி அஞ்சு வட்டிக்கு வாங்கித் தருகிறேன் என்கிறார். கணவரோ, "கல்விக் கடனை எப்படியும் தள்ளுபடி பண்ணிடுவாங்க, பயப்படாம வாங்கு" என்கிறார். கடிதத்தின் கடைசி வரி: "ஆறு ஆட்டையும் வித்துட்டு ஆரம்பிக்கலாமா?"

அன்புள்ள சகோதரிக்கு,

ஆட்டைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். நீங்கள் எழுதிய நான்கு வழிகளுமே கடன் வழிகள். பாண்டும் கடன்தான், அதைப் பணமாகக் கட்டாமல் வேலையாகக் கட்டுகிறோம். ஆனால் ஆறு பக்கத்தில் ஓரிடத்தில்கூட 'கவுன்சலிங்' என்ற சொல் இல்லை. உங்கள் மகள் விண்ணப்பித்தாளா இல்லையா என்றே எனக்குத் தெரியவில்லை. இல்லையென்றால், கடைசி நாள் தாண்டிவிட்டதா என்று இன்றைக்கே பாருங்கள். மற்ற எதையும்விட அது அவசரம்.

எந்த வாசல் வழியாகப் போகிறாள்?

தமிழ்நாட்டில் பி.எஸ்சி. நர்சிங் சேர்க்கையைச் சென்னை கீழ்ப்பாக்கத்தில் இருக்கும் மருத்துவக் கல்வித் தேர்வுக் குழு நடத்துகிறது. பிளஸ் டூவின் அறிவியல் பாட மதிப்பெண்தான் கணக்கு, நீட் தேவையில்லை. இந்தக் கவுன்சலிங்கில் அரசுக் கல்லூரி இடங்கள் மட்டும் நிரப்பப்படுவதில்லை. தனியார் கல்லூரிகளும் தங்கள் இடங்களில் ஒரு பகுதியை அரசு ஒதுக்கீட்டுக்குக் கொடுக்க வேண்டும். ஆக, ஒரே கல்லூரியில் ஒரே வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்காரும் இரண்டு பிள்ளைகளில் ஒருத்தி கவுன்சலிங் வழியாகவும் இன்னொருத்தி மேனேஜ்மென்ட் வழியாகவும் வந்திருக்கலாம். கட்டணம் வேறு. அதைவிட முக்கியமாக, அரசிடமிருந்து கிடைக்கும் உதவியும் வேறு.

உங்கள் குடும்பத்துக்கு இது சின்ன வித்தியாசம் இல்லை. பெற்றோர் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினர் பிள்ளைகளுக்கு, பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பதற்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. திருப்பித் தரப்படாத கட்டாயக் கட்டணங்களும், அதோடு ஒரு பராமரிப்புப் படியும் அதில் வரும். ஆனால் மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தவர்களுக்கு அது கிடையாது. 2018-க்குப் பிறகு இந்த விதியில் குழப்பமே இல்லை. "சேர்ந்த பிறகு ஸ்காலர்ஷிப் வாங்கித் தருகிறோம்" என்று அந்தத் தெரிந்தவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். இந்த இடத்தில் அவர் சொல்வது தவறு. தெரியாமல் சொன்னாரா தெரிந்தே சொன்னாரா என்பது எனக்கு வேண்டாம். 10,000 ரூபாயை வாங்கிக்கொண்டு, நான்கு ஆண்டு உதவித்தொகையை இழக்கும் வாசலில் உங்களைக் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார்.

கவுன்சலிங் தாமதமாகும். சில ஆண்டுகளில் மாதக்கணக்கில் நீளும். அந்த இடைவெளியில்தான் "இப்போ விட்டா சீட் போயிடும்" என்ற பேச்சு ஊர் ஊராக வரும். மகளோடு படித்தவர்கள் எல்லாம் எங்கேயாவது சேர்ந்துவிட, அவள் மட்டும் வீட்டில் இருப்பதைப் பார்க்கப் பெற்ற மனம் தாங்காது. புரிகிறது. ஆனாலும் காத்திருங்கள்.

உதவித்தொகை பற்றி நடைமுறை விஷயம் ஒன்று. இப்போது பணம் மாணவியின் வங்கிக் கணக்குக்கே வருகிறது. கணக்கு ஆதாரோடு இணைந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் மாதக்கணக்கில் நிற்கும். பணம் வந்ததும் அது வீட்டுப் பணம் என்று தோன்றும். அண்ணன் கல்யாணம், கூரை ஒழுகல் என்று ஏதாவது ஒன்று வந்து நிற்கும். அது கல்லூரிக்குக் கட்ட வேண்டிய கட்டணம். அதைத் தொட்டதால் மூன்றாம் வருடத்தில் ஹால் டிக்கெட் பிரச்சினையில் மாட்டி என்னிடம் வந்த பிள்ளைகள் உண்டு.

ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் என்பதால், புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். 2022 செப்டம்பரில் தொடங்கிய திட்டம் இது. மற்ற உதவித்தொகை வாங்கினாலும் இதைப் பெறலாம். நான்கு ஆண்டில் 48,000 ரூபாய். பஸ், நோட்டு, செல்போன் ரீசார்ஜ் எல்லாம் இதில் ஓடிவிடும்.

(இதைப் படிக்கும் மற்ற வகுப்புப் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. குடும்பத்தில் முதல் பட்டதாரிக்குக் கிடைக்கும் கட்டணச் சலுகையும் கவுன்சலிங் வழியாகப் போனால்தான். வாசல் விஷயம் எல்லோருக்கும் பொருந்தும்.)

நீங்கள் விட்டுவிட்ட சில இடங்கள்

நீட் மதிப்பெண் வீணாகிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். முழுவதும் வீணில்லை. புதுச்சேரி ஜிப்மரில் பி.எஸ்சி. நர்சிங் சேர்க்கை நீட் மதிப்பெண்ணை வைத்துத்தான் நடக்கிறது. மத்திய அரசு நிறுவனம் என்பதால் கட்டணம் குறைவு, கடலூரிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரம். ராணுவ நர்சிங் சேவைக்கான நான்காண்டு பி.எஸ்சி.க்கும் நீட் மதிப்பெண் கேட்கிறார்கள். புனே, பெங்களூரு, மும்பை, கொல்கத்தா, லக்னோ, டெல்லி ஆகிய ஊர்களில் ராணுவ மருத்துவமனைகளோடு சேர்ந்த கல்லூரிகள் அவை, மொத்தம் 220 இடங்கள். படிப்பு, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் அரசு செலவு, மாதாமாதம் உதவித்தொகையும் உண்டு. முடித்ததும் ராணுவத்தில் அதிகாரியாகப் பணி. அதற்கும் பாண்டு உண்டு, போட்டியும் கடுமை. ஆனாலும் விண்ணப்பிப்பதில் நஷ்டம் இல்லை. இரண்டுக்கும் தனித்தனி அறிவிப்பு வரும், கண் வைத்திருங்கள்.

அப்புறம் டிப்ளமோ. "டிப்ளமோ நர்சுக்கு மதிப்பு இல்லை" என்று உங்கள் நாத்தனார் சொன்னாராம். அரசு மருத்துவமனைகளோடு இருக்கும் நர்சிங் பள்ளிகளில் மூன்றாண்டு டிப்ளமோ படிக்கக் கட்டணம் மிகக் குறைவு. கற்றுக்கொள்ள அந்த வார்டுகளைவிட நல்ல இடம் கிடையாது. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் அரசு நர்ஸ் வேலைக்கு ஆள் எடுக்கும்போது டிப்ளமோக்காரர்களும் பட்டக்காரர்களும் ஒரே தேர்வைத்தான் எழுதுகிறார்கள். பட்டம் வேண்டுமென்றால் பின்னால் இரண்டு ஆண்டு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படித்துக்கொள்ளலாம், அப்போது அவள் சம்பாதித்துக்கொண்டிருப்பாள். என்னைக் கேட்டால், மேனேஜ்மென்ட் சீட்டில் எட்டு லட்சம் கடனோடு வாங்கும் பட்டத்தைவிட, அரசு நர்சிங் பள்ளியில் கடனில்லாமல் வாங்கும் டிப்ளமோவைத்தான் என் மகளுக்குத் தேர்ந்தெடுப்பேன்.

ஒன்றில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். 'ஆறு மாத நர்சிங்', 'ஒரு வருட நர்சிங் உதவியாளர், படிக்கும்போதே சம்பளம்' என்று பஸ் ஸ்டாண்ட் சுவரில் ஒட்டியிருப்பதைப் படித்தால், தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் கவுன்சிலில் நர்ஸாகப் பதிவு செய்ய முடியாது. பதிவு இல்லாவிட்டால் அவள் நர்ஸ் இல்லை.

எட்டு லட்சத்தின் கணக்கு

மேனேஜ்மென்ட் சீட்டை எடுத்தால் என்ன ஆகும் என்று பேப்பரில் போட்டுப் பார்த்தேன். ஆண்டுக்கு 2 லட்சம் வீதம் நான்கு தவணையாக வங்கி கொடுக்கிறது. வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படிக்கும் நான்கு ஆண்டும் அதற்குப் பிறகு ஓர் ஆண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை, ஆனால் தனி வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். முதல் 2 லட்சத்துக்கு ஐந்து ஆண்டு, அடுத்ததற்கு நான்கு, அப்புறம் மூன்று, இரண்டு. கூட்டினால் வட்டி மட்டும் 2 லட்சத்து 80 ஆயிரம். திருப்பிக் கட்டத் தொடங்கும் நாளில் கடன் 10 லட்சத்து 80 ஆயிரமாக நிற்கும். 15 ஆண்டில் கட்டுவதாக இருந்தால் மாதம் சுமார் 11,600 ரூபாய். கடைசித் தவணை கட்டி முடிக்கும்போது மொத்தம் 20 லட்சத்து 90 ஆயிரம் அளவுக்குக் கட்டியிருப்பீர்கள். அவளுக்கு அப்போது 37 வயது.

குடும்ப வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்தால், தவணை விடுப்புக் காலத்து வட்டியை மத்திய அரசு மானியமாகத் தரும் திட்டம் இருக்கிறது. அது முழுசாகக் கிடைத்தாலும் மாதம் 8,600 ரூபாய்க்குக் குறையாது. தனியார் மருத்துவமனையில் புது நர்ஸுக்கு என்ன சம்பளம் தருகிறார்கள் என்று நான் சொல்வதைவிட, பக்கத்து டவுன் மருத்துவமனையில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணிடம் நீங்களே கேளுங்கள். சிறிய மருத்துவமனையில்கூட மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று உச்ச நீதிமன்ற உத்தரவின்பேரில் அமைந்த குழு 2016-இல் பரிந்துரைத்தது. பரிந்துரைதான், சம்பளக் கவரில் அது வந்து சேரவில்லை.

வங்கி மேலாளர் சொன்னது பொய்யா?

இல்லை. அவர்மேல் கோபப்பட்டிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் கேட்ட தொகைக்கு அவர் சொன்னது சரி. ஏழரை லட்சத்தைத் தாண்டினால் சொத்து ஈடு கேட்பார்கள். அதற்குள் என்றால் கடன் உத்தரவாத நிதியின் கீழ் சொத்து ஈடோ மூன்றாம் நபர் ஜாமீனோ இல்லாமல் கொடுக்க வழி உண்டு. 4 லட்சம் வரை பெற்றோர் இணைக் கடனாளியாகக் கையெழுத்துப் போட்டால் போதும். கவுன்சலிங் சீட் கிடைத்து, கட்டணத்தை உதவித்தொகை பார்த்துக்கொண்டால், உங்களுக்குத் தேவைப்படுவது ஹாஸ்டலுக்கும் சாப்பாட்டுக்கும் உண்டான தொகைதான். ஆதிதிராவிடர் நல விடுதியில் இடம் கிடைத்தால் அதுவும் குறையும். அப்போது பத்திரத்தைப் பெட்டியிலேயே வைத்துவிட்டு வங்கிக்குப் போகலாம்.

விண்ணப்பத்தை வித்யாலட்சுமி இணையதளம் வழியாகப் போடுங்கள். வாய்மொழியாக 'இல்லை' என்று சொல்வதற்கும், பதிவான விண்ணப்பத்தை மறுப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். மாவட்ட ஆட்சியர் அலுவலகம் நடத்தும் கல்விக் கடன் முகாமுக்கும், மாவட்ட முன்னோடி வங்கி மேலாளரிடமும் அந்தக் காகிதத்தோடு போங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம், அதற்குக் கட்டணம் கிடையாது. உங்கள் கணவர் பழைய மகளிர் குழுக் கடனுக்கு ஜாமீன் போட்டு சிபில் (கடனை ஒழுங்காகக் கட்டியதற்கான மதிப்பெண்) கெட்டிருப்பதாகச் சொன்னீர்கள். பெற்றோரின் சிபிலைக் காரணம் காட்டிக் கல்விக் கடனை மறுக்கக் கூடாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2020-இல் சொல்லியிருக்கிறது. கேரளத் தீர்ப்பு நம் ஊர் வங்கியைக் கட்டாயப்படுத்தாது, ஆனால் கடிதத்தில் எடுத்துக்காட்டலாம்.

தள்ளுபடி பற்றி உங்கள் கணவரிடம் இதைச் சொல்லுங்கள். 2021-இல் ஐந்து பவுன் வரையிலான நகைக்கடன் தள்ளுபடியானதைப் பார்த்துத்தான் அவருக்கு அந்த நம்பிக்கை வந்திருக்கும். அது கூட்டுறவு வங்கிக் கடன், மாநில அரசின் கைக்குள் இருப்பது. தேசிய வங்கியில் வாங்கும் கல்விக் கடன் அப்படி இல்லை. தள்ளுபடிக்காகக் கட்டாமல் இருந்தால் மகளின் சிபிலும் சேர்ந்து கெடும்.

உங்கள் தம்பி அன்பாகத்தான் சொல்கிறார். ஆனால் அஞ்சு வட்டி என்றால் நூற்றுக்கு ஆண்டுக்கு 60 ரூபாய். 50,000 வாங்கினால் மாதம் 2,500 வட்டி மட்டும், அசல் அப்படியே நிற்கும். வேண்டாம்.

அந்த முத்திரைத்தாள்

வழக்கறிஞராக எனக்கு அதிகம் வரும் கேள்வி இது. எல்லா பாண்டும் மோசமில்லை. வேலூர் சி.எம்.சி. போன்ற இடங்களிலும் பணிக் கடப்பாடு இருக்கிறது. குறைந்த கட்டணத்தில் நல்ல பயிற்சி கொடுத்துவிட்டு, சில ஆண்டு வேலை கேட்கிறார்கள், நியாயம். நீங்கள் அனுப்பிய நகலில் எனக்கு உறுத்துவது மூன்று விஷயங்கள்.

பாதிக் கட்டணம் என்றாலும் நான்கு லட்சம் நீங்கள்தான் கட்டுகிறீர்கள். அதற்கு மேல் மூன்று வருட வேலை. அந்த மூன்று வருடத்துக்குச் சம்பளம் எவ்வளவு என்று காகிதத்தில் எங்கேயும் இல்லை. 'நிர்வாகம் நிர்ணயிக்கும்' என்று மட்டும் இருக்கிறது.

அடுத்து, விலகினால் 5 லட்சம். பாண்டு என்றாலே சட்டத்துக்குப் புறம்பு என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள், அதுவும் முழு உண்மை இல்லை. வேலையில் இருக்கும் காலத்துக்குப் போடும் பாண்டு செல்லும் என்று ஒரு பொதுத்துறை வங்கி ஊழியர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் சொல்லியிருக்கிறது. ஆனால் எழுதிய தொகை அப்படியே கிடைத்துவிடாது. ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி நியாயமான இழப்பீடுதான் கேட்க முடியும், 5 லட்சம் என்பது அதன் உச்ச வரம்பு. அதையும் நீதிமன்றத்துக்குப் போய்த்தான் வாங்க வேண்டும். இன்னொன்று: உங்கள் மகளுக்கு 18 முடிய இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. 18 நிறையாதவர் போடும் ஒப்பந்தம் செல்லாது, இது 1903-இலேயே முடிவான சட்டம். அதனால்தான் கீழே 'பெற்றோர் / ஜாமீன்தாரர்' என்று உங்களுக்கு ஓர் இடம் விட்டிருக்கிறார்கள். அவள் கையெழுத்து செல்லாமல் போனாலும் உங்கள் கையெழுத்தை வைத்து உங்கள்மேல் வழக்குப் போடப் பார்ப்பார்கள். அந்த வரியில் கை வைக்காதீர்கள்.

மூன்றாவது அசல் சான்றிதழ். சரிபார்க்கக் கொடுக்கலாம், அடகாகக் கொடுக்கக் கூடாது. கல்விச் சான்றிதழ் விற்பனைப் பொருள் அல்ல, பாக்கிக்காகப் பிடித்துவைக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் பல வழக்குகளில் சொல்லியிருக்கிறது. சட்டம் உங்கள் பக்கம்தான். ஆனால் சான்றிதழ் அவர்கள் பீரோவில் இருக்கும்போது அரசு வேலைக்குச் சான்றிதழ் சரிபார்ப்பு வந்துவிட்டால், வழக்கு முடியும்வரை தேர்வு வாரியம் காத்திருக்காது. கொடுப்பதற்கு முன்னால் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து டிஜிலாக்கரிலும் போட்டுவையுங்கள், கொடுத்தால் தேதியோடு ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள்.

பத்தாயிரம் ரூபாய்

ரசீது இல்லை, ஜி-பேயில் அனுப்பினோம் என்கிறீர்கள். அந்தத் திரைப்பதிவே ஆதாரம். முதலில் அவருக்கு வாட்ஸ்அப்பில் மரியாதையாக ஒரு செய்தி அனுப்புங்கள்: இந்தத் தேதியில், இந்தக் கல்லூரி சீட்டுக்காக, இவ்வளவு கொடுத்தோம், சேர விருப்பமில்லை, திருப்பித் தரவும். அவர் என்ன பதில் போட்டாலும் பணம் வாங்கியதற்கு அது சாட்சி. பதினைந்து நாள் பாருங்கள். வரவில்லையென்றால் கடலூர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு அங்கே வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. ஒரு நோட்டீஸ் போனாலே பெரும்பாலும் பணம் வந்துவிடும். நிர்ணயித்த கட்டணத்துக்கு மேல் நன்கொடை வாங்குவதைத் தமிழ்நாட்டில் 1992-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது என்பது பணம் வாங்கியவர்களுக்கும் தெரியும். வராமலே போனாலும், அந்தப் பத்தாயிரத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று எட்டு லட்சத்துக்குள் இறங்கிவிடாதீர்கள்.

இனி ஆடு. கவுன்சலிங்கில் சீட் வந்தாலும் உதவித்தொகையில் வராத செலவுகள் முதல் மாதமே வரும். இரண்டு செட் யூனிஃபார்ம், வெள்ளை ஷூ, ரெக்கார்டு நோட்டு, பிபி கருவி, ஹாஸ்டல் முன்பணம், வார்டு பயிற்சிக்குப் போய்வரும் பஸ் காசு. அதற்கு இரண்டு ஆட்டை விற்றால் போதும் என்று நினைக்கிறேன். மற்ற நான்கையும் வைத்துக்கொள்ளுங்கள். அழைப்பு வந்ததும், சீட் எடுப்பதற்கு முன்னால், கல்லூரிப் பெயரோடு எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.